பிரிட்டன் பிரதமர் தப்பித்த வாரத்தில் அப்பாவுக்கு எழுதியது

ஈஸ்ட்ஹாம், லண்டன்
14.12.2018, வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் அப்பாயியும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

கஜா புயலுக்குப் பத்து நாள் கழித்து நீங்கள் எழுதிய கடிதம் இந்தத் திங்கட்கிழமைதான் கைக்கு வந்தது. போனில் பேசினால் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் மட்டும்தான் நீங்கள் முழுதாகப் பேசுகிறீர்கள். அதனால் நானும் தாளிலேயே எழுதுகிறேன்.

கூரையே பறந்துபோன வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அந்த அம்மாவை அவர் கட்சிக்காரர்களே கவிழ்க்கப் பார்க்கிறார்களாமே, என்ன சங்கதி?" என்று இங்கத்துப் பிரதமர் தெரேசா மேயைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். டீக்கடைக்குப் பேப்பர் வரத் தொடங்கிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். உங்கள் கடிதம் வந்த இரண்டாம் நாளே அது நடந்தும் விட்டது. விவரமாகவே சொல்கிறேன். டீக்கடையில் நீங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இங்கே ஆளும் கன்சர்வேடிவ் கட்சியில் ஒரு விதி இருக்கிறது. தலைவர் மீது நம்பிக்கை இல்லை என்று அந்தக் கட்சி எம்.பி.க்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்தால், கட்சிக்குள்ளேயே வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 315 பேர் என்பதால் 48 கடிதம் தேவை. கடிதங்களை வாங்கிவைப்பவர் சர் கிரகாம் பிரேடி என்பவர். எத்தனை வந்திருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், பிரதமருக்குக்கூடத் தெரியாது. ஒரு மாதமாக எல்லா டிவிக்காரர்களும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மனிதர் அசையவில்லை. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே அறிவித்துவிட்டார்: கடிதங்கள் சேர்ந்துவிட்டன, இன்று மாலையே ஓட்டு.

நம் ஊரில் 18 எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மேல் நம்பிக்கை இல்லையென்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்துவிட்டுப் பதவியையே இழந்தார்களே, இங்கே எழுதியவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. யாரையும் விடுதியில் அடைத்துவைக்கவும் இல்லை. ஆனால் ரொம்பவும் யோக்கியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். புகாருக்கு உள்ளாகிக் கட்சி ஒதுக்கிவைத்திருந்த இரண்டு எம்.பி.க்களை அன்றைக்கே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டு என்றால் எல்லா ஊரும் ஓர் ஊர்தான்.

எதற்காக இந்தக் கலகம் என்று கேட்பீர்கள். 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்று 51.9 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வருகிற மார்ச் 29 அன்று வெளியேற வேண்டும். அதற்காகத் தெரேசா மே ஓர் ஒப்பந்தம் போட்டு வந்தார். அது அயர்லாந்து எல்லையில் போய்ச் சிக்கிக்கொண்டது. நாமும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது தோப்பைப் பிரித்துவிட்டுக் கிணற்றைப் பொதுவில் விட்டோம் அல்லவா, அதே கதைதான். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கிறது, தெற்கே இருப்பது தனி நாடு, ஒன்றியத்திலேயே இருக்கப்போகிறது. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு இடையில் காவல் சாவடி எதுவும் இல்லை. திரும்ப வேலி போட்டால் பழைய இரத்தக்களரி வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். ஆகவே வேறு வழி கிடைக்கும்வரை பொதுக்கிணற்று ஏற்பாடு ஒன்றை எழுதிவைத்தார்கள். அதிலிருந்து ஒரு தரப்பு மட்டும் நினைத்து விலக முடியாது. மேயின் கட்சிக்காரர்களுக்கு வந்த ஆத்திரம் அங்கேதான். கடந்த செவ்வாய் நாடாளுமன்றத்தில் ஒப்பந்தத்தை ஓட்டுக்கு விட வேண்டியவர், தோற்பது உறுதி என்று தெரிந்து முதல் நாளே தள்ளிவைத்துவிட்டார். தள்ளிவைத்த கையோடு கடிதங்கள் சேர்ந்துவிட்டன.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள், சிரிப்பார். செவ்வாய்க்கிழமை தெரேசா மே உதவி கேட்டு ஜெர்மனிக்குப் போனார். வாசலில் அந்நாட்டுத் தலைவர் மெர்க்கல் வரவேற்கக் காத்து நிற்கிறார், இவர் வந்த காரின் கதவு திறக்கவே இல்லை. கதவு பூட்டிக்கொண்டதால் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான்கு முறை காட்டினார்கள், நான்கு முறையும் பாவமாகவே இருந்தது.

புதன் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை ஓட்டு. அதற்கு முன் கட்சிக்காரர்களிடம், "2022 தேர்தலுக்கு நான் தலைமை தாங்க மாட்டேன்" என்று சொல்லித்தான் ஆதரவு கேட்டிருக்கிறார். ரகசிய ஓட்டு. காலையில் டிவியில் ஆதரவு என்றவர் மாலையில் என்ன குறித்தார் என்பது அவருக்கும் பெட்டிக்கும்தான் வெளிச்சம். நான் சமைக்கும் கடையில் அன்று நான்கே மேஜைக்குத்தான் ஆள். முதலாளி அண்ணன் கல்லாவை விட்டுவிட்டு டிவிக்குக் கீழே நின்றார். ஒன்பது மணிக்கு முடிவு வந்தது: ஆதரவாக 200, எதிராக 117. இனி ஓராண்டுக்கு அவரைக் கட்சிக்குள் யாரும் அசைக்க முடியாது என்பது விதி. ஆனாலும் சொந்தக் கட்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்த்த பிறகு என்ன வெற்றி? ஜேக்கப் ரீஸ்-மாக் என்பவர், கலகக்காரர்களில் முக்கியமானவர், தோற்ற பிறகும், தெரேசா மே ராணியைப் பார்த்து ராஜினாமா கொடுக்க வேண்டும் என்றார். ஒப்பந்தம் நிறைவேறுவதற்கு இந்த ஓட்டால் ஒரு பயனும் இல்லை. அதே 117 பேர் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்திருப்பார்கள். என் கணக்கில் இந்த அம்மா கோடை தாண்ட மாட்டார். வேண்டுமானால் டீக்கடையில் பந்தயம் கட்டுங்கள், பத்து ரூபாய்க்கு மேல் வேண்டாம்.

முதலாளி அண்ணன் பிரிவதற்குத்தான் ஓட்டுப் போட்டவர். ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவது குறைந்தால் நம் பக்கத்துச் சமையல்காரர்களுக்கு எளிதாக விசா கிடைக்கும் என்று அப்போது பிரசாரம் செய்தார்கள். உணவகக்காரர்கள் பலர் நம்பினார்கள். விசா ஒன்றும் எளிதாகவில்லை. எங்களோடு பாத்திரம் கழுவும் ருமேனியாக்கார அக்கா எட்டு வருடமாக இங்கே வரி கட்டுகிறார். அந்த ஓட்டில் அவருக்கு உரிமை இல்லை. இப்போது இங்கேயே தொடர்ந்து இருக்க 65 பவுண்டு கட்டி விண்ணப்பிக்க வேண்டுமாம். ஆனால் காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால் அடுத்த தேர்தல் வந்தால் எனக்கு ஓட்டு உண்டு! ஊரில் வாக்காளர் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டீர்களே, பிரிட்டனில் சேர்த்துக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறேன், குப்பைத் தொட்டியை நான் தவறான நாளில் வெளியே வைத்தால் கதவைத் தட்டுபவர். ராயல் டாக்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1981இல் அதை மூடியதிலிருந்து எல்லா அரசாங்கத்தின் மேலும் கோபம். எங்கள் நியூஹாம் வட்டாரத்தில் ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்றவர்கள்தான் அதிகம், தாத்தா மறுபக்கம். நாளைக்கே வெளியேற வேண்டும் என்கிறார், ஆனால் மாடிப்படிக்குக் கீழே பீன்ஸ் டப்பா, சூப் டப்பா, டாய்லெட் பேப்பர் எல்லாம் இடுப்பளவு அடுக்கிவைத்திருக்கிறார். ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறினால் சரக்கு லாரிகள் டோவர் துறைமுகத்தில் நின்றுவிடுமாம். "அப்படியானால் ஏன் ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "டப்பாவை எண்ணுவதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், சின்ன வயதில் ரேஷன் பார்த்தவன்" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? நேற்று கிறிஸ்துமஸ் பலகாரம் ஆறு கொடுத்தார். மின்ஸ் பை என்று பெயர், கறி கிடையாது. மாவுக் கிண்ணத்துக்குள் உலர்திராட்சையும் கிராம்பு வாசனையும். தித்திப்பு அதிகம். மூன்று சாப்பிட்டேன். பதிலுக்கு ரசம் கொடுத்தேன், நின்றபடியே குடித்து இருமித் தீர்த்துவிட்டு இன்னும் கேட்டார்.

குளிர் இருக்கிறது, ஆனால் தாங்க முடியாதது அல்ல. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கடையில் தோசை மாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் புளிக்கிறது. வீட்டில் ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, போட்டால் தோல் வறண்டுவிடுகிறது. அறையில் கூட இருந்த மதுரைத் தம்பி போன மாதம் காலி செய்துவிட்டான். இப்போது அறை முழுக்க எனக்கே. வசதியாக இருக்கிறது. கடையிலும் முன்போல் இழுபறி இல்லை, திங்களும் செவ்வாயும் முழு ஓய்வு கொடுக்கிறார்கள். உடம்புக்கு நல்லதுதான். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, சமையல்காரன் பட்டினி கிடப்பானா?

இந்த மாதம் அனுப்பியது குறைவு என்று அம்மா கேட்டிருக்கிறார். எல்லாம் இந்தக் குழப்பத்தால் வந்தது. அக்டோபரில் ஒரு பவுண்டு 96, 97 ரூபாய் வரை போனது, இப்போது 90 பக்கம் வந்து நிற்கிறது. ஏழு ரூபாய் இறங்கினதற்கு இவ்வளவு குறையுமா என்று நீங்கள் பென்சில் எடுப்பீர்கள். எடுக்க வேண்டாம். பொங்கலுக்குள் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். விசாவுக்கான மருத்துவக் கட்டணத்தை ஜனவரியிலிருந்து வருடத்துக்கு 200 பவுண்டிலிருந்து 400 ஆக்குகிறார்கள் என்று மேலத்தெரு மாமா மகன் எதையாவது சொல்லியிருப்பான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கடைச் சரக்கறையில் நின்றுதான் படித்தேன். 140 மரம் என்று எண்ணி எழுதியிருந்தீர்கள், அதுவரைக்கும் படித்துவிட்டேன். "கிணற்றடி மரமும் போயிற்று" என்ற வரிக்கு அப்புறம் ஓடவில்லை. தாத்தா வைத்த மரம். அதன் இளநீர் குடித்துவிட்டுத்தானே சென்னைக்கு பஸ் ஏறினேன்? எனக்கு எதிரே அலமாரியில் சட்னிக்கான தேங்காய்த் துருவல் இருந்தது, உறைய வைத்த பாக்கெட், செங்கல் மாதிரி. தினமும் அதைத் தண்ணீரில் போட்டு இளக்கித்தான் அரைக்கிறேன். அன்றைக்கு என்னால் அதைத் தொட முடியவில்லை அப்பா. ருமேனியாக்கார அக்காதான் உடைத்துக் கொடுத்தார். காரணம் கேட்கவில்லை. புயல் அடித்த இரவு நீங்கள் நான்கு பேரும் மாட்டுக்கொட்டகையில் இருந்தீர்களா, பள்ளிக்கூடத்துக்குப் போனீர்களா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை. கேட்டால் அம்மா பேச்சை மாற்றுகிறார். அந்த நேரத்தில் நான் இங்கே நூறு பேருக்கு வடை சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

ஒன்று, விழுந்த மரத்தை அப்படியே கிடக்க விடாதீர்கள். அழுகினால் காண்டாமிருக வண்டு குடியேறும், நிற்கிற மரத்தையும் கெடுத்துவிடும். செங்கல் சூளைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள், இடம் காலியாவதுதான் முக்கியம். மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருப்பதைப் படித்தேன். வெட்டுவதற்கு முன்னால் வி.ஏ.ஓ. வந்து எண்ணிக்கையைப் பதிவு செய்துவிட்டாரா? பாப்பாவைப் போனில் ஒவ்வொரு மரத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். சிட்டா, அடங்கல் நகல் மூன்று எடுத்து ஒன்றைப் பேராவூரணி அத்தை வீட்டில் கொடுத்துவையுங்கள், நம் வீட்டுக் கூரையை நம்ப முடியாது.

கிணற்றைச் சுற்றி இருந்த ஆறு மரம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. அதற்கு வரும் பணத்தில் சித்தப்பாவுக்குப் பாதி கொடுத்துவிடுங்கள். அவர் கேட்பதற்கு முன்னால் கொடுங்கள். அவர் தோப்பும்தான் போயிற்று. இந்த நேரத்தில் ஆறு மரத்துக்காகப் பேச்சு வார்த்தை அறுந்தால், பிறகு கிணற்றுக்கும் வேலி போட வேண்டி வரும்.

நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும், கலப்பு ரகம் சீக்கிரம் வரும், தண்ணீர் அதிகம் கேட்கும். பாதிக்குப் பாதி வையுங்கள். இருபத்தைந்து அடி இடைவெளியைக் குறைக்க வேண்டாம். இடையில் உளுந்து போட்டால் கைச்செலவுக்கு ஆகும். நிலத்தை விற்கலாமா என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. வேண்டாம்.

பாப்பா கல்யாணத்தைத் தை மாதத்திலிருந்து ஆவணிக்குத் தள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரே சொன்னது பெரிய மனது. அவர்களும் ஒரத்தநாட்டுக்காரர்கள்தானே, அவர்களுக்கும் மரம் விழுந்திருக்கும். அம்மா வளையலை மட்டும் அடகு வைக்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் தவணையை நீட்டித் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அப்பாயிக்குக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன், பிப்ரவரியில் தஞ்சாவூர் அண்ணன் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். கண் சொட்டு மருந்தின் பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், போனமுறை சொன்னது புரியவில்லை.

உங்கள் அன்பு மகன்

பின்குறிப்பு: மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டதா என்று மூன்று தடவை கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. வரவில்லை என்றால் டீசல் மோட்டாருக்கு நாள் வாடகை எவ்வளவு என்று எழுதுங்கள்.