கச்சத்தீவு அந்தோணியாரிடம் நம் பெரியவர்களை அனுப்பிவைப்போம்: காசிமேடு யாத்திரைக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த மீனவ உறவுகளே,

தவக்காலத்தில் வரும் கச்சத்தீவு புனித அந்தோணியார் திருவிழாவுக்கு நம் குப்பத்துப் பெரியவர்கள் 40 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் கடலில் கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள். ஆதார் நகலும் பணமும் இம்மாதம் 25-ம் தேதிக்குள் ராமேஸ்வரம் போய்ச் சேர வேண்டும். பணம்தான் இடிக்கிறது.

285 ஏக்கர் தீவு அது. குடியிருப்போர் இல்லை, குடிக்கத் தண்ணீரும் கிடையாது. அங்கே முதல் கோவிலை எழுப்பியவர் நம்புதாளை சீனிக்குப்பன் படையாச்சி என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. வலை உலர்த்திய கரையில் ஒரு கடலோடி வைத்த கோவில்! 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது. ஆனாலும் நம் பக்தர்கள் விசா இல்லாமல் போய்வரும் உரிமை அதிலேயே எழுதப்பட்டது. சண்டைக் காலத்தில் பல ஆண்டுகள் அதுவும் நின்றுபோனது. 2016-ல் பழைய கோவிலுக்குப் பக்கத்திலேயே புதுக்கோவில் மந்திரிக்கப்பட்டது. முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப் பாதை, தேர்பவனி; மறுநாள் காலை திருப்பலி. யாழ்ப்பாணத்துச் சனமும் நம் சனமும் ஒன்றாக முழங்கால் போடும் இடம் வேறெங்கே இருக்கிறது? 2024-ல் ராமேஸ்வரத்துப் படகுகளே புறப்படவில்லை. அன்று காத்திருந்த பெரியவர்களில் சிலர் இன்று நம்மோடு இல்லை.

தலைக்கு ரயில் 900, படகு 2,000, சாப்பாடும் தங்கலும் 1,100. மொத்தம் 1,60,000 ரூபாய். சேர்ந்தது 97,500. குறைவது 62,500.

இதுவரை கொடுத்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி. ஐஸ் உடைக்கும் தம்பிகள் ஒருநாள் கூலியை அப்படியே தந்தார்கள். ஏலக்கூடத்து அக்காமார் கூடைக்கு 5 ரூபாய் எடுத்துவைத்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டு பிள்ளைகள் ரயிலடிக்கு இலவசமாக ஏற்றிப்போகிறோம் என்றார்கள். குடிநீர் கேன் முழுவதையும் ஒரு முஸ்லிம் கடைக்கார பாய் ஏற்றுக்கொண்டார். இறால் உரிக்கும் ஒரு பாட்டி, ஈரம் காயாத பத்து ரூபாய் நோட்டுகளாக 500 கொடுத்து, "என் பேரை எழுதாதே" என்றார். அந்தோணியார் எல்லோர் வீட்டையும் காப்பாராக.

விசைப்படகு முதலாளிமாரே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறோம். ராயபுரத்து இராயப்பர் கோவில் நம் படகோட்டிகள் சேர்த்த காசில் எழுந்தது. அந்த வம்சம் நாம். இறால் உரிக்கும் கை கொடுத்திருக்க, படகு வைத்திருக்கும் கை மூடியிருப்பது நமக்கு அழகா? படகுக்கு 1,000 ரூபாய் போதும்.

தினமும் காலை ஏலம் முடிந்ததும் அந்தோணியார் குருசடி வாசலில் குழுவினர் ரசீது புத்தகத்தோடு இருப்பார்கள். தொழிலுக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்; நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
யாத்திரைக் குழுவினர், காசிமேடு