நேற்றைய விடைத்தாளும் இன்றைய விடைத்தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. ஆனால் தேர்வு முடிவு வந்த கையோடு வேலூரிலும் காட்பாடியிலும் முளைக்கும் டியூஷன் மையங்களின் பிளெக்ஸ் பலகைகளைப் பார்த்தால், அந்த மாற்றம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான நான், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்களில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஓர் அடித்தல் விழுந்தாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். கிழித்த தாளுக்கு இணையான எதிர்த்தாளும் தையலிலிருந்து கழன்று, நோட்டே பாதியாக இளைத்திருந்தது. தேர்விலும், பிழையில்லாமல் வராது என்ற அச்சத்தால், தெரிந்த கணக்கைக்கூடத் தொடாமல் விட்டுவிடுவாள். அவளைத் திட்டிப் பயனில்லை. ‘மீதி இரண்டு மார்க் எங்கே?’ என்று கேட்டுப் பழகிய பெரியவர்கள் கற்பித்த பாடம் அது.

முதல் இடைப்பருவத் தேர்வுத் தாளையும் காலாண்டுத் தாளையும் அருகருகே வைத்து, எந்தப் பிழை மறைந்தது, எந்தப் படி வரை தானாகப் போட முடிந்தது என்று அவளையே குறிக்கச் சொன்னேன். கழித்தலில் குறி மாறும் பிழை குறைந்ததை அவளே கண்டுபிடித்தாள். மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. தாள் கிழிப்பது மட்டும் வெகுவாகக் குறைந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் கச்சிதம் வேண்டும்தான், வீட்டுப்பாடத்துக்கு எதற்கு?

எனவே, பெற்றோர் கூட்டங்களில் மாணவரின் விடைத்தாளை அவருடைய முந்தைய தாளோடு சேர்த்துக் காட்டவும், ரேங்க் கார்டில் வகுப்பு இடத்துக்குப் பதிலாக முந்தைய தேர்வோடு ஒப்பிடும் கட்டம் ஒன்றைச் சேர்க்கவும் மாவட்டக் கல்வி அதிகாரிகள் பள்ளிகளை அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காட்பாடி