அரையாண்டு முடிந்தது: பெற்றோருடன் ஒரு முக்கியமான பேச்சு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி கூடியிருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கி வந்தார்கள். சத்துணவுக் கூடத்துக்கு வெள்ளை அடித்தாயிற்று. உழைத்த அனைவருக்கும் வாழ்த்துகள்.

இனி, மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். சென்ற மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நேரில் வந்த பெற்றோர் நான்கு பேர். தீர்மானப் பதிவேட்டில் பெற்றோர் கையெழுத்து பதினைந்து இருக்கிறது.

ஆண்டுதோறும் நம் பள்ளியின் தரத்தை நாமே மதிப்பிட்டு எழுதுகிறோம். 2015-இல் தொடங்கிய ‘சாலா சித்தி’ என்னும் முறை அது. ஏழு பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் உள்ள அம்சங்களுக்கு நிலை ஒன்று, இரண்டு, மூன்று என்று போட வேண்டும், மூன்றுதான் உயர்ந்த நிலை. வசதிகளைப் பற்றிய முதல் பகுதியில் ‘இருக்கிறதா, போதுமா’ என்று கேட்பதோடு விடுவதில்லை. ‘பயன்படுகிறதா’ என்றும் தனியாகக் கேட்கிறார்கள். ஏழாவது பகுதி முழுவதும் உங்களைப் பற்றியது, சமூகத்தின் பங்கேற்பு.

பெண் பிள்ளைகளுக்கு ஆறு கழிப்பறைகள் இருக்கின்றன, தண்ணீர் வருகிறது என்று நாங்கள் நிலை மூன்று போட்டு வைத்திருந்தோம். கூட்டத்துக்கு வந்த ஒரு தாய் எழுந்து, “டீச்சர், எத்தனை கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது?” என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். இரண்டுக்குத்தான் இருந்தது. அவருடைய மகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம், வீட்டுக்கு வந்துதான் குடிக்கிறாளாம். நானும் ஒரு பெண். ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்தும் என் கண்ணில் இது படவே இல்லை. மூன்றை அடித்து ஒன்று என்று எழுதினேன். அந்த வாரமே நம் பெற்றோரில் ஒருவரான தச்சர் வந்து நான்கு தாழ்ப்பாள்களைப் பொருத்திக் கொடுத்தார், கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தத் தாய் அன்று வராமல் இருந்திருந்தால் நம் படிவம் அழகாக இருந்திருக்கும், அந்தப் பிள்ளை இன்றும் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கூட்டம் முடிந்த பிறகு பதிவேட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. அதை அனுமதித்தது பள்ளியின் தவறு, என் தவறு. ஆனால் படித்துப் பார்க்காத தீர்மானத்தின் அடியில் பெயர் எழுதிக் கொடுத்தது நீங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கும், பாதி இடம் பெண்களுக்கும் என்று எழுதி வைத்திருக்கிறது. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் அதிகாரம் உங்களுடையது. கூட்டத்தில் கேட்காமல் டீக்கடையில் கேட்டால் எனக்கு எட்டாது. எட்டினாலும் பதிவேட்டில் ஏறாது. வந்தவர்கள் மட்டும் கையெழுத்திடுவார்கள். நான்கு பேர் என்றால் நான்கு என்றே எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி என்பது பலருக்கு அரை நாள் கூலி என்பதை நான் அறிவேன். வயலிலிருந்தும் நூறு நாள் வேலையிலிருந்தும் நேராக வந்து, அழுக்குச் சேலையோடு உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டாம், அப்படியே வாருங்கள். அடுத்த கூட்டத்தை மாலை 5.30-க்கு வைத்திருக்கிறோம். குழுவில் இல்லாத பெற்றோரும் வந்து பேசலாம். அப்பா, அம்மா வெளியூரில் இருந்தால் பாட்டியோ தாத்தாவோ வரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏழு பகுதிகளையும் ஓர் ஆசிரியர் வாசித்துக் காட்டுவார். இந்த முறை குடிநீரையும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்புத் திறனையும் பற்றிப் பேசுகிறோம். வருவதற்கு முன் உங்கள் பிள்ளையிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கும், தாழ்ப்பாள் பொருத்திய தச்சருக்கும், அன்று வந்திருந்த மற்றவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. தினமும் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரி நேரத்துக்கு அனுப்பிவைக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை மாலை ஆறாம் வகுப்பு அறையில் நாற்காலிகள் போட்டு வைத்திருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு உயர்நிலைப் பள்ளி