ஹார்லெம் ஸ்டுடியோக்காரர்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்ததிலிருந்து பழைய புகைப்படங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். அதில் ஒருவரைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜேம்ஸ் வான் டெர் ஸீ என்று பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில் ஸ்டுடியோ போட்ட கறுப்பினக் கலைஞர்.

அமெரிக்காவின் தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் பிழைப்புத் தேடி அங்கே வந்து குவிந்த காலம் அது. அன்றைய கேலிச் சித்திரங்களில் அவர்கள் வெறும் கோமாளிகள். இவருடைய ஸ்டுடியோவுக்குள் வந்தாலோ, பட்டும் தொப்பியுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீயும் நானும் போட்டோக் கடையில் நெகட்டிவில் பென்சில் பிடித்துப் படம் திருத்தியவர்கள், உனக்குப் புரியும். வான் டெர் ஸீ முகச் சுருக்கத்தை எடுத்துவிடுவார். இல்லாத நகையை வரைந்து பூட்டுவார். 1926இல் எடுத்த கல்யாணப் படம் ஒன்றில் மணமக்களின் காலடியில் ஒரு சிறுமி பொம்மையோடு விளையாடுகிறாள், ஆவி மாதிரி ஊடுருவித் தெரிகிறாள். இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளை! இரண்டு நெகட்டிவைச் சேர்த்து அச்சிட்டிருக்கிறார். இதைப் பொய் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். வந்தவர்கள் எப்படி வாழ நினைத்தார்களோ, அதைத்தான் அவர் எடுத்துக் கொடுத்தார்.

1932இல் எடுத்த படத்தையும் பார். நாடே வேலையில்லாமல் தவித்த நேரம். ரக்கூன் தோல் கோட்டு போட்ட தம்பதி, பளபளக்கும் காடிலாக் கார். ஆண் காருக்குள், பெண் வெளியே நிற்கிறாள். அவள் பார்வையை விட்டு என்னால் நகர முடியவில்லை.

ஆளாளுக்குக் கேமரா வந்ததும் அவர் தொழில் படுத்துவிட்டது. பழைய படங்களைச் சரிசெய்து கொடுத்துக் காலம் தள்ளினார். 1969இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம் ஹார்லெம் பற்றிக் கண்காட்சி வைத்தபோதுதான், எண்பதைத் தாண்டிய வயதில், உலகம் அவரைக் கவனித்தது. ஹார்லெம் ஓவியர்களின் ஓவியம் ஒன்றுகூட அதில் இல்லை என்று கறுப்பினக் கலைஞர்கள் வாசலில் நின்று போராடினார்கள். நியாயமான கோபம். அதே வருடம் அவரையும் மனைவியையும் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2021இல் அவருடைய சுமார் 30,000 நெகட்டிவ்கள் அதே அருங்காட்சியகத்துக்கும் ஹார்லெமில் உள்ள 'ஸ்டுடியோ மியூசியம்' என்ற கறுப்பினக் கலை அருங்காட்சியகத்துக்கும் பொதுவாகப் போய்ச் சேர்ந்தன.

அப்புறம், நம் கடை நெகட்டிவ் பெட்டி உன் பரணில்தானே இருக்கிறது? எடைக்குப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்