வாய் தவறியதைக் காட்டினீர்கள், வாக்குத் தவறியதை எப்போது காட்டுவீர்கள்?

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்கள் செய்திகளையும் யூடியூப் துணுக்குகளையும் நாள்தோறும் பார்க்கிற நேயர்களில் நானும் ஒருவன். தலைவர்களைப் பற்றி நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பதில் உங்கள் எடிட்டிங் அறைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கிருந்து வருபவை பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒரு தலைவர் வாய் தவறிய பத்து விநாடி, இல்லையென்றால் ஒரு தலைவர் எதிராளியை மடக்கிய பத்து விநாடி. முன்னவர் விவரம் இல்லாதவர், பின்னவர் கெட்டிக்காரர் என்று நாங்களும் முடிவு கட்டிவிடுகிறோம். அன்று அந்த மேடையில் இருவரும் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

மேடைப் பேச்சைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாட்டு அரசியலை அப்படிக் குறைத்துச் சொல்லவும் முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மையாக இருந்த காலத்தில் பொதுக்கூட்டம்தான் பலருக்குச் செய்தித்தாள், பாடப்புத்தகம் எல்லாமே. பெரியார் மணிக்கணக்கில் பேசினார். அடுக்குமொழி இல்லை, அலங்காரம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போன்ற பேச்சு. நான் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் பேசியதுதான் அவருடைய கடைசிக் கூட்டம். அப்போது அவருக்கு வயது 94. அதற்கடுத்த சில நாட்களில் மறைந்தார்.

அண்ணாவின் வழி வேறு. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வைத் தொடங்கிவைத்துப் பேசியவர், 18 ஆண்டுகளில், 1967இல், முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். பணபலமோ பெரிய குடும்பப் பின்னணியோ இல்லாத ஒரு கூட்டம் ஆட்சிக்கு வந்ததில் மேடைக்கு எவ்வளவு பங்கு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதுகையும் மோனையும் புலவர் வீட்டுச் சொத்தாக இருந்த நிலை போய், ரிக்‌ஷா ஓட்டுகிறவரும் அதை ரசித்து வீட்டில் போய்த் திருப்பிச் சொல்கிற நிலை வந்தது. ‘மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை’ என்று அவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் பேச்சை இன்றைக்கும் மேடைக்கு மேடை எடுத்துச் சொல்கிறார்கள். அது எளிய மக்களை மதித்த பேச்சு. அந்த மரபின் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

ஆனால் அதே 1967ஐ இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது அந்தத் தேர்தலின் பெரிய வாக்குறுதி. ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற வரி ஊரெங்கும் ஒலித்தது. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். நிதிச்சுமை தாங்காமல் பிறகு அது நின்றுபோனது. அந்த எதுகை இன்றும் பலருக்கு மனப்பாடம். திட்டம் எந்த ஊர்களில் நடந்தது, ஏன் நின்றது என்று கேட்டால் தெரிந்தவர்கள் குறைவு. பெரிய வாக்குறுதியை லட்சியமாகவும் சின்னதை நிச்சயமாகவும் ஒரே வரியில் பிரித்து வைத்தது அசாத்தியமான சொல்வன்மை. அது அசாத்தியமாக இருந்ததாலேயே அதைப் பின்தொடர்ந்து போய்க் கணக்குக் கேட்க ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை அன்றைக்குப் பத்திரிகைகளுடையது. இன்றைக்கு உங்களுடையது.

அந்தத் தேர்தலில் தோற்றவர்களில் காமராஜரும் ஒருவர். விருதுநகரில் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அதற்கு மேடைப் பேச்சு மட்டும் காரணம் இல்லை. அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், எதிரே அமைந்த பெரிய கூட்டணி எல்லாம் சேர்ந்து அடித்தன. இருந்தாலும் அவருடைய பேச்சைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊர்ப்பேச்சு, சின்னச் சின்ன வாக்கியங்கள். கோரிக்கையோடு வருகிறவருக்கு ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த அந்த மனிதரின் காலத்தில்தான் பள்ளிகளில் மதிய உணவு வந்தது, சாத்தனூரிலும் வைகையிலும் அணைகள் எழுந்தன. அவருடைய படிப்பையும் ஆங்கிலம் தெரியாததையும் அப்போதே கிண்டல் செய்தவர்கள் இருந்தார்கள். இன்றைய உங்கள் வழக்கப்படி அவரை வெட்டி ஒட்டினால் என்ன கிடைத்திருக்கும்? ‘பார்க்கலாம்’ என்பதைப் பத்துத் தடவை திருப்பித் திருப்பி ஓடவிட்ட ஒரு துணுக்கு. பள்ளிக்கூடச் சமையல் புகை அதில் தெரிந்திருக்காது.

சரி, நன்றாகப் பேசாதவரைத் தமிழர்கள் எப்போதும் ஒதுக்கினார்களா? இல்லை. எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12 அன்று சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்து, குரல் பழையபடி திரும்பவே இல்லை. கழுத்துக் கட்டோடு இருந்த அவருடைய படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் வென்றார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கரகரத்த, சில இடங்களில் சொல் பிடிபடாத குரலில்தான் பேசினார். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. 1984இல் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். பேச முடியாதவர் எப்படி ஆள்வார் என்று எதிர்த்தரப்பு கேட்டது. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் சரியாக முடிவெடுத்தார்களா என்பது வேறு வாதம். நான் சொல்ல வருவது, குரல் தேய்ந்தது என்பதற்காக அந்த மக்கள் ஒரு மனிதரைக் கேலிப்பொருளாக்கவில்லை என்பதைத்தான்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே தமிழ்நாடு விஜயகாந்தை என்ன செய்தது? 2005இல் கட்சி தொடங்கி, 2006இல் விருத்தாசலத்தில் தனியாக வென்று, 2011இல் 29 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவரானவர். உடல்நலம் குன்றக் குன்ற அவருக்கு நாக்கு குழறத் தொடங்கியது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து வேறு எங்கோ முடிப்பார், முகம் கோணும், சொல் தேடி நிற்பார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை மட்டும் நறுக்கி, பின்னால் சிரிப்பு ஒலி சேர்த்து, சினிமா வசனத்தோடு ஒட்டிப் பரப்பினார்கள். மீம் போடுகிறவர்கள்தான் தொடங்கினார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அதை எடுத்து ‘இணையத்தில் வைரல்’ என்று செய்தி நேரத்தில் ஓடவிட்ட தொலைக்காட்சிகள் இருந்தன. ஒருவருடைய நோயைப் பார்த்து ஒரு மாநிலமே ஆண்டுக்கணக்கில் சிரித்தது.

2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தார். தீவுத்திடலில் கூட்டம் அலைமோதியது. அவர் அலுவலகத்தில் பசியோடு வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட கதைகளை அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். உங்கள் திரைகளிலும் நாள் முழுக்க அதுதான். அந்தக் கதைகள் அவர் உயிரோடு இருந்தபோதும் இருந்தவைதானே? அவருடைய அரசியலில் கேட்க வேண்டிய கேள்விகளும் நிறைய இருந்தன. 2011இல் ஆட்சியைப் பிடித்த அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்து வென்று, எதிர்க்கட்சித் தலைவராகிச் சட்டமன்றத்தில் அவர் என்ன செய்தார், 2016இல் கட்சி ஏன் ஓர் இடம்கூட வெல்லவில்லை என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். குழறிய நாக்கைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கேள்விகளும் கேட்கப்படாமல் போயின. அவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை, எங்களுக்கும் விவரம் கிடைக்கவில்லை.

எம்.ஜி.ஆர். காலத்துக்கும் இதற்கும் நடுவில் மக்களின் இரக்கம் வற்றிப்போனது என்று நான் நம்பவில்லை. கேட்கிற விதம் மாறிவிட்டது. அன்று ஒருவரைக் கேட்க வேண்டுமென்றால் மைதானத்துக்குப் போய் மணலில் உட்கார வேண்டும். தலைவர் வர நேரமாகும். முழுப் பேச்சையும் கேட்கிற காது, நடுவில் வரும் ஒரு தடுமாற்றத்தை மன்னித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். கைப்பேசியில் வருகிற பன்னிரண்டு விநாடிக்கு அப்படி ஓர் ‘அடுத்த விஷயம்’ இல்லை. தடுமாற்றம் மட்டும்தான் அங்கே இருக்கிறது.

மு.க.ஸ்டாலின் பழமொழியை மாற்றிச் சொன்ன காணொலிகளை ஒரு பக்கத்தார் வருடக்கணக்கில் சுற்றவிட்டார்கள். கம்பராமாயணத்தைச் சேக்கிழார் எழுதியதாக எடப்பாடி பழனிசாமி ஒரு மேடையில் சொன்னதை இன்னொரு பக்கத்தார் சுற்றவிட்டார்கள். இரண்டுமே ஆளுகிற திறமையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இருவரும் மாநிலத்தை ஆண்டிருக்கிறார்கள், இருவர் ஆட்சியிலும் கேட்க ஆயிரம் இருக்கிறது. அடுக்கடுக்காகப் பேசத் தெரிந்தவர்களுக்கோ இந்த முறையில் தனிச்சலுகை. வைகோ அளவுக்குப் பேசக்கூடியவர்கள் தமிழில் எத்தனை பேர்? அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டம் 1996இல் வாக்காக மாறவில்லை, ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அன்றைய வாக்காளர் கைதட்டலையும் ஓட்டையும் பிரித்துப் பார்த்தார். துணுக்கு மட்டுமே பார்த்து வளர்கிற வாக்காளர் அப்படிப் பிரிப்பாரா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இது பெரிய தலைவர்களோடு நின்றுவிடுகிற விஷயமும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஊராட்சி. மகளிர் ஒதுக்கீட்டில் வந்த தலைவர், நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவு அறிக்கையை வாசித்தார். ‘நிலுவையிலுள்ள செலவினங்களுக்கு ஒப்புதல்’ என்ற வரியில் மூன்று முறை தட்டினார். பின்வரிசையில் இரண்டு பையன்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, மேலத் தெருவுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டார். அந்த அம்மா தாளைக் கீழே வைத்தார். மோட்டாரில் காயில் எரிந்துபோய் ரீவைண்டிங்குக்குக் கொடுத்தது, போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கியதால் பைப்பு இறக்க வேண்டியிருப்பது, கோயில் முக்கில் கேட் வால்வு இறுகிப்போனது, எந்தெந்த வீட்டில் குழாயில் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள் என்பது வரை, சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலை சுற்றியது அந்த ‘செலவினங்கள்’ மட்டும். அடுத்த கூட்டத்தில் அவருடைய கணவர்தான் மைக்கைப் பிடித்தார்.

இந்தப் பெண்ணை அந்தப் பையன்கள் கேலி செய்யக் கற்றுக்கொண்டது எங்கிருந்து? நீங்கள் முதலமைச்சர்களுக்குச் செய்வதை அவர்கள் ஊராட்சித் தலைவருக்குச் செய்கிறார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் சட்டமாகியிருக்கிற மாநிலம் இது. முதன்முறையாக மேடையேறுகிற ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பேச்சுப்போட்டிப் பயிற்சியோ கல்லூரி மேடையோ இருந்ததில்லை. சிரித்துச் சிரித்தே அவர்களை வாயடைத்துவிட்டால் அந்த இடத்தில் கணவரும் மைத்துனரும் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தும் இருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. வாய் தவறியதை மட்டும் தனித்துணுக்காகப் போடுவதை நிறுத்துங்கள். மருத்துவக் காரணத்தால் பேச்சு தடுமாறுகிறவரின் தடுமாற்றத்தை எந்த நிலையிலும் போடாதீர்கள். தலைவர் தவறான தகவலைச் சொன்னால் அதைக் கட்டாயம் காட்டுங்கள், சரியான தகவலையும் பக்கத்திலேயே போடுங்கள். அது உங்கள் கடமை. நாக்கு புரண்டதையும் பொய்யையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அப்புறம், சட்டமன்றத்தைக் கொஞ்சம் பாருங்கள். 2022 ஜனவரியில் இருந்து கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. மேடையில் முழங்குகிற அமைச்சர் ஒரு துணைக்கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறார், மேடையில் திணறுகிற உறுப்பினர் தன் தொகுதிச் சாலையைப் பற்றி எவ்வளவு விவரத்தோடு கேட்கிறார் என்பதையெல்லாம் அங்கே பார்க்கலாம். அதிலிருந்து ஐந்து நிமிடம் வெட்டாமல் போடலாமே. 110 விதியின் கீழ் வருகிற அறிவிப்புகளைச் சிவப்புப் பட்டையில் உடனடிச் செய்தியாக ஓட்டுகிறீர்கள். அந்த விதியில் அறிக்கை வாசித்தால் அதன் மீது விவாதம் கிடையாது என்பதை எத்தனை நேயர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? விவாதம் இல்லாமல் வாசிக்கப்பட்டதால்தான் பிறகு யாராவது போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

துறைவாரியாகச் செலவுக்கு அவை ஒப்புதல் தருகிற அடுத்த மானியக் கோரிக்கைத் தொடருக்கு முன்னால் இதை மட்டும் செய்துபாருங்கள். சென்ற ஆண்டு அறிவிப்புகளில் மாவட்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலேயே கிடைக்கின்றன. உங்கள் மாவட்ட நிருபரை ஒளிப்பதிவாளரோடு அந்த இடத்துக்கு அனுப்புங்கள். பாலமோ பள்ளிக் கட்டடமோ துணை சுகாதார நிலையமோ, எழும்பியிருந்தால் எழும்பியதைக் காட்டுங்கள். அடிக்கல் மட்டும் நின்றால் அந்தக் கல்லைக் காட்டுங்கள். அறிவித்தவர் அவையில் பேசிய முழுப் பேச்சையும் அந்தக் காட்சியின் மேலேயே ஓடவிடுங்கள், அவர் அழகாகப் பேசியிருந்தாலும் சரி, தடுமாறிப் பேசியிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் நேயர்களில் ஒருவன்