தாடி இல்லை என்பது வேறு, நிறம் சரியில்லை என்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற கற்பனை உலகக் கதைகளைத் தொடராகவும் முன்கதையாகவும் எடுப்பது பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில், புத்தகம் படித்த ரசிகர்கள் போடும் கூச்சல் எல்லாம் நிறவெறிதான், காதில் வாங்கத் தேவையில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது எனக்கு ஒப்பவில்லை. நிறவெறி இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. அதையும் கதையை நேசிப்பவரின் வருத்தத்தையும் ஒரே கணக்கில் எழுதினால் லாபம் நிறவெறியர்களுக்குத்தான் என்பதால் இந்தக் கடிதம்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனை எனக்குக் காட்டியது என் மகள். நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' புத்தகத்தைப் பின்னிணைப்பு வரை விடாமல் படித்தேன். 2022 செப்டம்பரில் அதன் முன்கதையாக அமேசானின் 'ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் வந்தபோது இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம்.

அதில் டீசா என்று ஒரு பாத்திரம். கசாத்-டூம் என்னும் மலைக்குள் வாழும் ட்வார்ஃப் என்ற குள்ளர் இனத்து இளவரசி. சோஃபியா நோம்வெட்டே என்ற கறுப்பின நடிகை நடித்திருக்கிறார். சுரங்கம் இடிந்து ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும்போது, அவள் மலையைப் பார்த்துப் பாடுவாள். உள்ளே இருப்பவர்களை மூச்சோடு விட்டுவிடு என்று பாறையிடம் கேட்கிற பாட்டு. கையைத் தூக்கி, கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். என் மகள் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். தொடரில் எனக்குக் குறைகள் எத்தனையோ உண்டு, ஆனால் அந்தக் காட்சியில் டோல்கீனின் உலகம் அப்படியே இருந்தது.

இந்த டீசாவைப் பற்றி இரண்டு புகார்கள் எழுந்தன. ஒன்று, அவளுக்குத் தாடி இல்லை என்பது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் அதற்குப் புத்தகத்தில் ஆதாரம் இருக்கிறது. ட்வார்ஃப் பெண்கள் குரலிலும் தோற்றத்திலும், பயணம் போகும்போது உடையிலும்கூட ஆண்களைப் போலவே இருப்பார்கள், மற்ற இனத்தாருக்கு வித்தியாசமே தெரியாது என்று டோல்கீன் பின்னிணைப்பில் எழுதியிருக்கிறார். அதைப் படித்து மனத்தில் ஓர் உருவம் வைத்திருந்தவர், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பது நியாயம். இன்னொரு புகார், அவள் கறுப்பாக இருக்கிறாள் என்பது. மலைக்குள் வாழ்கிறவர்கள் வெளுத்துத்தான் இருக்க வேண்டும் என்று விஞ்ஞானம் எல்லாம் பேசினார்கள். அந்தக் கவலை அவர்களுக்கு வேறு எந்த ட்வார்ஃப் மீதும் வரவில்லை. ஒரே பாத்திரம், இரண்டு புகார். முதலாவதைச் சொன்னவரோடு உட்கார்ந்து பேசலாம். இரண்டாவதில் பேச என்ன இருக்கிறது?

அதிலும் ஹார்ஃபுட் கூட்டத்தில் லென்னி ஹென்றி நடித்ததற்குக் கிளம்பிய கோபம் இருக்கிறதே, அது புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்களின் கோபம். ஹாபிட் என்ற சிற்றுருவ மக்களில் ஹார்ஃபுட் என்ற பிரிவினர் மற்றவர்களைவிடப் பழுப்பு நிறம் என்று முன்னுரையிலேயே இருக்கிறது. எல்ஃப் என்ற சாவில்லாத இனத்தில் பெரும் பிரிவினரை வெண்ணிறத்தவர் என்று அவர் எழுதியிருப்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புத்தகத்துக்கு விசுவாசம் என்று கொடி பிடிப்பவர், அந்த விசுவாசத்தை ஹார்ஃபுட் வரியிலும் காட்ட வேண்டும் அல்லவா? நடிகர்களுக்கு வந்த வசையும் மிரட்டலும் எந்த அளவுக்குப் போயின என்றால், தொடர்க் குழுவே கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. பழைய படங்களில் ஹாபிட்களாக நடித்த எலைஜா வுட், ஷான் ஆஸ்டின் போன்றவர்களும் இவர்கள் பக்கம் வந்து நின்றார்கள். இணையத்தில் மதிப்பெண் போட்டே தொடரைக் கவிழ்க்கப் பார்த்ததால், அமேசான் பார்வையாளர் விமர்சனங்களை 72 மணி நேரம் நிறுத்தி வைத்தது. அந்த இரைச்சலில், உருப்படியாக எழுதிய விமர்சனமும் சேர்ந்து அடிபட்டுப்போனது.

உருப்படியான விமர்சனம் என்று நான் எதைச் சொல்கிறேன்? நூமெனார் என்ற தீவு ராஜ்ஜியத்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகக் கணக்கில், கதையின் மந்திர மோதிரங்கள் வார்க்கப்படுவதற்கும் அந்தத் தீவு கடலில் மூழ்குவதற்கும் இடையே ஏறக்குறைய 1,700 ஆண்டுகள். தொடரில் எல்லாமே ஒரே தலைமுறையில் நடக்கின்றன. உரிமை இல்லாத சங்கடம் ஒருபுறம். இந்தப் பழங்கதைகளை விரிவாகச் சொல்லும் டோல்கீனின் 'சில்மரில்லியன்' நூல் அவர்கள் கையில் இல்லை, பின்னிணைப்பில் உள்ள குறிப்புகளை வைத்துத்தான் கட்ட வேண்டும். சரி, அது புரிகிறது. ஆனால் காலத்தைச் சுருக்கியதில் எது போனது என்று பாருங்கள். நூமெனார் மக்களுக்குச் சாவின் மேல் பயம் வருவதுதான் அந்தக் கதையின் உயிர். நீண்ட ஆயுள் கிடைத்த மக்கள், அது போதாமல், சாகாத எல்ஃப்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, தலைமுறை தலைமுறையாக மனம் கசந்து, கடைசியில் சாவில்லாத தேசத்தின் மீதே படையெடுத்து அழிகிறார்கள். அந்தக் கசப்பு மெதுவாக ஊறியது. தொடரில் அது, எல்ஃப்கள் வந்து நம் வேலையைப் பறித்துவிடுவார்கள் என்று தெருவில் ஒருவர் கத்துவதாகச் சுருங்கிவிட்டது. இதற்காக நான் வருத்தப்பட்டால் நானும் நிறவெறி பிடித்தவளா?

இந்தப் புகார் சொல்லும் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததே டோல்கீன்தான். 1958-இல் அவர் கதையைப் படமாக்க ஒரு திரைக்கதை வந்தது. வரிக்கு வரி குறித்துக் கடுமையாக எழுதி அனுப்பினார். தேவையில்லாத சண்டைகள் ஏன், கழுகுகளை இத்தனை தடவை ஏன் பறக்கவிட வேண்டும், லெம்பாஸ் என்ற எல்ஃப் ரொட்டியை ஏன் செறிவூட்டிய உணவு என்று மாற்றினீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. கதையை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்துக்கொள்வதைக் குறையாக நினைக்க என்னால் முடியாது.

இனி இந்த நாட்டுச் செய்தி. டோல்கீன் பிறந்தது புளும்ஃபோன்டெயினில், 1892 ஜனவரி 3-ஆம் தேதி. அப்பா அங்கே வங்கியில் வேலை பார்த்தார். மூன்று வயதில் அம்மாவோடு இங்கிலாந்து போன பிள்ளை அப்புறம் திரும்பவில்லை, அப்பாவும் இங்கேயே இறந்து இங்கேயே அடக்கமானார். அவர் பிறப்பதற்கு முந்தைய வருஷம், 1891-இல்தான், புளும்ஃபோன்டெயினைத் தலைநகராகக் கொண்ட ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் குடியரசு இந்தியர்கள் கடை வைக்கவோ நிலம் உழவோ கூடாது என்று சட்டம் போட்டு வியாபாரிகளை வெளியேற்றியது. அந்த மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கக்கூடாது என்ற தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது.

என் மாமனார் டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குச் சரக்கு லாரி ஓட்டியவர். வான் ரீனன் கணவாய் ஏறினால் அந்தப் பக்கம் ஹாரிஸ்மித், ஃப்ரீ ஸ்டேட். கடந்து போகலாம், ராத் தங்கக்கூடாது. அதனால் டர்பன் இருக்கும் நேட்டால் பக்கம் லேடிஸ்மித்திலேயே டேங்கை நிரப்பி, டயரைத் தட்டிப் பார்த்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் மலை ஏறுவாராம். மாமியார் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சாப்பிடுவாராம். தூக்கம் வந்தாலும் ஓரம் கட்ட முடியாது, வண்டி நின்றுபோனால் யார் வந்து என்ன கேட்பார்களோ என்ற பயம். மாமா இதைக் கோபமாகச் சொன்னதில்லை, ரோட்டு நிலவரம் சொல்வதுபோலச் சொல்வார். கறுப்பு முகத்துக்கு டோல்கீனின் மிடில்-எர்த் உலகத்தில் இடம் கிடையாது என்று யாரோ இணையத்தில் எழுதியதை மகள் வாசித்துக் காட்டியபோது எனக்கு அந்த ரோடுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கற்பனை தேசத்துக்குக்கூட எல்லைக் காவலா?

டோல்கீன் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு அவருடைய எழுத்தே சாட்சி. 1944-இல் மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவருக்கு எழுதிய கடிதத்தில், அங்கே நிறத்தை வைத்து மனிதரை நடத்தும் விதம் பிரிட்டனிலிருந்து போகும் யாரையும் அநேகமாகத் திடுக்கிட வைக்கும் என்றும், அம்மா பேசிக் கேட்டிருக்கிறேன் என்றும் எழுதினார். 1959-இல் ஆக்ஸ்ஃபோர்டில் விடைபெறும்போது ஆற்றிய உரையில் அபார்ட்ஹைட் என்னும் நிறவொதுக்கல் மீதான வெறுப்பு தன் எலும்பிலேயே இருக்கிறது என்றார். மொழியையும் இலக்கியத்தையும் பிரிப்பதைக் கண்டிக்க வந்த இடத்தில் சொன்னதுதான், அரசியல் மேடை அல்ல. ஆனாலும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிறம் பார்ப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஜார்ஜ் மார்ட்டின் புத்தகத்தை வைத்து எடுத்த 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடரைப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். புத்தகத்தில் வெலாரியான் குடும்பத்தார் வெளிர் நிறம், வெள்ளி முடி. தொடரில் கோர்லிஸ் வெலாரியானாகக் கறுப்பின நடிகர் ஸ்டீவ் டூசான் வருகிறார். முடி மட்டும் வெள்ளி. இதற்கும் கத்தினார்கள். ஆனால் இந்த மாற்றம் கதைக்கு நல்லதையே செய்தது. இளவரசி ரெனீராவின் மூத்த பிள்ளைகள் மூவரும் அவள் கணவனான கோர்லிஸ் மகனுக்குப் பிறந்தவர்கள் அல்ல என்பது அரண்மனை முழுக்கத் தெரிந்த ரகசியம். தொடரில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நமக்குப் பிள்ளைகளின் முகத்தில் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் தாத்தா அவர்களை அணைத்துக்கொள்ளும்போது அந்தப் பாசத்துக்குக் கனம் கூடுகிறது.

இதே தொடரில் இன்னொரு மாற்றம். புத்தகத்தில் ராணி ஹெலேனாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். கொலைகாரர்கள் வந்து, எந்தப் பிள்ளையைக் கொல்லட்டும் என்று அவளையே சொல்லவைக்கிறார்கள். சின்னவனைக் காட்டுகிறாள், அவர்கள் பெரியவனைக் கொல்கிறார்கள். தான் சாவுக்குக் காட்டிக்கொடுத்த பிள்ளையின் முகத்தை அதற்குப் பிறகு அவளால் பார்க்கவே முடிவதில்லை. படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தொடரில் சின்னவனே கிடையாது. எந்தக் குழந்தை ஆண் என்று மட்டும் கேட்கிறார்கள். கொடுமைதான், ஆனால் தேர்ந்தெடுக்கும் கொடுமை போய்விட்டது. 2024 செப்டம்பரில் ஜார்ஜ் மார்ட்டினே இதைப் பற்றி விரிவாக எழுதி வருத்தப்பட்டார், பிறகு அந்தப் பதிவு எடுக்கப்பட்டது. இந்த மாற்றத்துக்கும் நிறத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2019-இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசிப் பருவத்தை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துப் போட்டார்களே, அதுவும் கதையை அவசரப்படுத்தியதற்காகத்தான். ஒருவர் முடித்த வேலையை மறுபடி செய் என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த ஏமாற்றம் உண்மையானது.

கதையை மாற்றுவது நமக்குப் புதிதா என்ன! வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பன் அதை ஏற்காமல் பர்ணசாலையோடு, மண்ணோடு பெயர்த்து எடுக்கவைத்தான். தன் மக்களின் மனத்தை அறிந்து, காரணத்தோடு மாற்றினான், நாமும் ஏற்றுக்கொண்டோம். நிறம் பற்றியும் நமக்குத் தெரியும். இந்த நேட்டால் கரும்புத் தோட்டங்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடந்திருக்கிறது. பகலெல்லாம் வெயிலில் கரும்பு வெட்டிக் கறுத்த ஆள், ராத்திரி அரிதாரம் பூசிக்கொண்டு வந்தால் அர்ச்சுனன். திரௌபதி வேஷமும் ஆண்தான் கட்டுவார். குரல் எடுத்தாரா, அழவைத்தாரா என்றுதான் சனம் பார்த்தது.

எல்லா வழக்கும் இவ்வளவு சுலபம் என்று சொல்லமாட்டேன். ஹாரி பாட்டர் கதையைப் புதிதாகத் தொடராக எடுக்கிறார்கள், மந்திரப் பள்ளி ஆசிரியர் ஸ்னேப் பாத்திரத்துக்குப் பாப்பா எஸ்ஸியெடு என்ற கறுப்பின நடிகரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஹாரியின் அப்பா, பள்ளி நாட்களில் ஸ்னேப்பை எல்லார் முன்னாலும் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்துவார். ஸ்னேப்பாக நடிக்கும் பையன் கறுப்பாகவும் சுற்றி நிற்பவர்கள் வெள்ளையாகவும் இருந்தால் அந்தக் காட்சிக்கு வேறு அர்த்தம் வந்துவிடும், அதைத் தாங்கும்படி எழுத வேண்டுமே என்று என் மகள் கேட்கிறாள். அது நிறவெறி அல்ல. நடிகர் நன்றாக நடிக்க வேண்டும், கதையும் அவரைக் கைவிடக்கூடாது என்ற அக்கறை. இப்படிக் கேட்கிற பிள்ளைகளையும், அந்த நடிகரை நிறத்துக்காகவே வேண்டாம் என்பவர்களையும் உங்கள் கட்டுரையாளர் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிறார்.

அந்தத் தொடர் வரும்போது நீங்களும் எழுதுவீர்கள். புத்தகம் ஏழையும் படித்த ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள். எந்த மாற்றம் கதைக்கு உதவியது, எது கெடுத்தது என்று காட்சியைச் சொல்லி எழுதட்டும். நடிகரின் நிறத்தைத் திட்டி வருகிற கடிதங்களைத் தயவுசெய்து இன்னொரு கருத்து என்று பிரசுரிக்காதீர்கள். தாடி எங்கே என்று கேட்கும் கடிதம் வந்தால் அவசியம் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்