தகர ரோபோவுக்கு இடது கை வேண்டும்

வணக்கம் உறவுகளே,

ஞாயிறு மாலை 4 மணிக்கு வெள்ளவத்தையில் என் வீட்டில் கூடுவோம். 1960களின் ஜப்பான் தகர ரோபோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது, ஹொரிகாவா என்ற பொம்மை நிறுவனத்தின் தயாரிப்பு. நெஞ்சுக் கதவு இன்னும் திறந்து மூடுகிறது, பார்க்கவே ஆசையாக இருக்கிறது! இடது கைதான் இல்லை. வலது கையை அச்செடுத்தால் இன்னொரு வலது கைதானே வரும்? அதனால் இதே ரோபோ வைத்திருப்பவர் தயவுசெய்து கொண்டு வாருங்கள். சிலிக்கோனில் அச்செடுத்து ரெசினில் வார்ப்போம். புதிய கையின் உள்பக்கம் வார்த்த ஆண்டைப் பொறித்துவிடுவோம், நாளைக்கு அசல் என்று யாரும் விற்கக்கூடாது.

அப்புறம், பொம்மைக்குள் பற்றரியை விட்டுவைக்காதீர்கள். கசிந்து என்னுடைய ஒன்றின் தகடு அரித்தே போய்விட்டது.

வருபவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.